வருபவருக்கு ஒரு பிடி

பெப்ரவரி 9, ஞாயிறு

கோயில் நாலு மணி நேரத் தூரம். தெருவெல்லாம் கண்ணாடிப் பனி என்பதால் போகவில்லை. சாமித்தட்டில் விளக்கேற்றி, ஒரு பதிகம் படித்துவிட்டுச் சமையலுக்கு வந்தேன். அரிசி இரண்டு சுண்டு. மேலே, வருபவருக்கு ஒரு பிடி.

“இந்தப் பனிக்குள்ள ஆர் வரப்போயினம்?” என்று இவர் வழக்கம்போலக் கேட்டார்.

“வந்தால்?” என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன்.

சஸ்கச்சுவானுக்கு வந்து வருடம் பதினெட்டாகிறது. சாப்பாட்டு நேரத்துக்கு ஒருவரும் வந்ததில்லை. மிச்சம் மறுநாள் எனக்குப் பழஞ்சோறு.

அரிசிப் பேணிக்குப் பக்கத்தில் மகள் சாம்பவி இரண்டு அச்சுத்தாள்களை வைத்திருந்தாள். தலைப்பில் ‘ரெசிப்பி’ என்று இருந்தது. கேக்காக்கும் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மாவுமில்லை, வெண்ணெயுமில்லை. அவளுடைய குறிசுடும் துவக்குக்கு ரவை, அதாவது தோட்டா, செய்யும் குறிப்பு அது.

எனக்கு ஆங்கிலம் வந்தது மா மூட்டைகளின் முதுகையும் வரிப் படிவங்களின் பின்பக்கத்தையும் வாசித்துத்தான். அதனால் கண் முதலில் எண்களுக்குத்தான் போகும். இரண்டு தாளிலும் பொருட்கள் ஒன்றே. அளவு மட்டும் வேறு.

“பிள்ளை, சாமான் எல்லாம் ஒண்டு. வெடிமருந்து மட்டும் ஏன் இதில கூட, அதில குறைய?”

“அது ஓரோராளின்ர அனுபவம், அம்மா.”

“ஆர் இந்த ஆள்?”

“பேர் போடேல்லை. இன்டர்நெட்டில ‘பிறெய்ரி ஓநாய்’ எண்டு எழுதுறவர். நல்லா வேலை செய்யுதாம்.”

“ஓநாய் சொன்ன அளவில நான் கேசரி கூடக் கிண்டமாட்டன்.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஜூன் பதினான்கில் மாகாண அணிக்கான தேர்வு. அறுநூறு மீற்றர் தூரத்தில் குறி. நகரத்துக் கடையில் நல்ல ரவை வந்து மாதக்கணக்காகிறது. வந்தாலும் ஒரு பெட்டி போல மறு பெட்டி இல்லை. தேர்வுக்கு வருகிற எல்லோரும் தாங்களே செய்த ரவையோடுதான் வருவார்களாம். “நான் மட்டும் கடைச் சாப்பாட்டோட போய் நிக்கிறதே?” என்றாள்.

இவர் கோப்பையை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டார். போன ஓகஸ்டில் அந்தத் துவக்கு வீட்டுக்குள் வந்தது. சாம்பவியிடம் அனுமதிப்பத்திரம் உண்டு, பூட்டிய இரும்பு அலுமாரி உண்டு, சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் அன்றிலிருந்து தகப்பனும் மகளும் நேரே கதைப்பதில்லை. “அவவுக்குச் சொல்லும்” என்பார் என்னிடம். “அப்பாட்டச் சொல்லுங்கோ” என்பாள் அவள். நான் தபாற்பெட்டி.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஊரில் நடந்ததை அவர் சொல்வதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விரதம். மத்தியானம் பாலும் பழமும். ஓநாயின் தாளை இன்னொருமுறை வாசித்தேன். எந்தப் பித்தளைக் கோது, எவ்வளவு நீளம் என்று ஒரு சொல்லும் இல்லை. இது குறிப்பில்லை, வம்பு.

பெப்ரவரி 15, சனி

சாம்பவியோடு சுடுதிடலுக்குப் போனேன். உறைந்த வயலின் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதன் திறப்புக்கொத்து டார்லீன் என்ற பெண்ணிடம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அறுபதைத் தாண்டியவர். சட்டைப்பையில் சூரியகாந்தி விதை. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிற குரல்.

“ரவை செய்யப்போவது யார்?” என்று கேட்டார்.

சாம்பவி வாயைத் திறக்க முன் “நான்” என்றேன். ஏன் சொன்னேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். சாம்பவிக்குப் பரீட்சை இருக்கிறது என்பது ஒரு காரணம். அவள் தோசை சுட்டாலும் நெருப்பைக் கூட்டுகிறவள் என்பது மற்றது.

டார்லீன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் புடவைக்கு மேல் பனிக்கோட்டும், நெற்றியில் திருநீறுமாக நின்றேன்.

“முன்பு செய்திருக்கிறாயா, மிசிஸ் கே?”

“இல்லை. கணக்கு வைப்பேன். ஊறுகாய் போடுவேன்.”

“ஊறுகாய் கெட்டுப் போனதுண்டா?”

“இல்லை.”

“அப்போ கேள். மருந்து வாங்குமுன் புத்தகம் வாங்கு. ஒன்று போதாது, இரண்டு. மருந்து செய்கிறவர்களே வெளியிடும் அட்டவணையையும் எடு. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார். ஒத்துப்போகாத இடத்தில் குறைந்ததைப் பிடி. உச்ச அளவில் ஒருநாளும் தொடங்காதே, அடியிலிருந்து ஏறு. ஒரு பொருளை மாற்றினாலும் திரும்ப அடியிலிருந்து.”

“இன்டர்நெட்டில் போட்டிருக்கும் குறிப்பு?”

டார்லீன் விதைத் தோலைத் துப்பினார். “அது அவனுடைய துவக்கு. அவனுடைய முகம்.”

பெப்ரவரி 27, வியாழன்

நேற்றுச் சிவராத்திரி. முதல் இரண்டு சாமம் திருமுறை. மற்ற இரண்டு சாமம் ரவைப் புத்தகம். ஈசன் மன்னிக்கட்டும், நித்திரை வரவேயில்லை.

மார்ச் 2, ஞாயிறு

படித்ததை எனக்குப் புரிந்த பாஷையில் எழுதிவைக்கிறேன்.

ரவைக்கு நாலு சாமான். பித்தளைக் கோது, அதுதான் சட்டி. அதன் அடியில் கெற்பு, அடிபட்டதும் பொறி தருகிற சின்ன மூடி, அதுதான் நெருப்புக்குச்சி. உள்ளே மருந்து. வாயில் சன்னம், பறந்து போகிற துண்டு. சுட்டபின் சன்னம் போய்விடும், மருந்து எரிந்துவிடும், கெற்பு செத்துவிடும். சட்டி மட்டும் மிஞ்சும். அதைக் கழுவி, அளவுக்கு அமுக்கி, நீளம் பார்த்து, திரும்ப அடுப்பில் ஏற்றலாம்.

மருந்து கூடினால் சட்டிக்குள் அழுத்தம் கூடும். அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் என் பிள்ளையின் கன்னம் இருக்கும். மிச்சமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மார்ச் 8, சனி

காலையில் பருத்தித்துறை வடைக்கு மா குழைத்தேன். மத்தியானம் தராசும் தண்ணீருமாக இருந்தேன்.

சாம்பவியிடம் இருப்பது பட்டாளத்துக் கோதுகள்; திடலில் பொறுக்கிச் சேர்த்தவை. புத்தகக்காரர் சோதித்தது கடைக் கோதுகளில். இரண்டும் வெளியே ஒரே அச்சு. டார்லீன் போனில் சொன்னார்: “நம்பாதே. தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்.”

கடைக் கோது ஒன்றையும் எடுத்து, இரண்டையும் விளிம்புவரை நிரப்பி நிறுத்தேன். பட்டாளத்துக் கோது குறைவாகவே பிடித்தது. வெளியே ஒரே உயரச் சட்டிதான், ஆனால் அடி தடித்தது. அதே மருந்தைப் போட்டால் உள்ளே இடம் போதாமல் அழுத்தம் எகிறும்.

“ஓநாயின்ர சட்டி எது?” என்று சாம்பவியைக் கேட்டேன்.

போனைத் தடவிப் பார்த்தாள். 

“மெல்லிசு” என்றாள்.

தாள்களை எடுத்துப்போய் அவளே கிழித்துப் போட்டாள்.  வடையைச் சுடச்சுடக் கொடுத்தேன். பட்டாளத்துக் கோதுகளையும் ஒதுக்கி வைத்தோம். டார்லீன் ஒரே ஆலையின் புதுக் கோதுகள் எடுத்துத் தருவாராம்.

மார்ச் 16, ஞாயிறு

கராஜில் ஒரு பழைய மேசையைத் துடைத்து எடுத்தேன். தராசு நடுங்கியது. கையா என்று பயந்தேன். கையில்லை, சூட்டுக்குழாய்க் காற்று. அதை நிறுத்திவிட்டுக் கம்பளிக் கையில்லாச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தேன். முள் சும்மா நின்றது.

மேசைக்கு நான் போட்ட சட்டம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. மற்றெதுவும் அலுமாரியில். போன் இல்லை, ரேடியோ இல்லை. நிறுக்கும்போது யாரும் கதைக்கக்கூடாது. பசியோடு தொடங்கக்கூடாது. கால் கழுவி, திருநீறு பூசி, பிறகுதான். இந்தக் கடைசி இரண்டும் புத்தகத்தில் இல்லை.

மார்ச் 19, புதன்

காலையில் கராஜுக்குப் போனால் மேசைக்கு மேலே பகல்வெளிச்ச விளக்கு ஒன்று. வயர் வெள்ளைக் கம்பியால் சுவரோடு கட்டப்பட்டு, கம்பி முனைகள் கையைக் கீறாதபடி உள்ளே மடித்துவிடப்பட்டிருந்தன. சாம்பவி பரீட்சைக்கு நடுவிலும் செய்திருக்கிறாள், பாவம்.

இவர் பொட்டாஷ் சுரங்கத்தில் மின் வேலை. இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தார். எழுப்பவில்லை.

ஏப்ரல் 12, சனி

பனி கரைந்து வயல் முழுக்கச் சேறு. இன்று முதற் சோதனை.

அடி அளவிலிருந்து சின்னச் சின்னப் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஐந்து ரவை செய்திருந்தேன். ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில், பெட்டி மேல் சீட்டு. மருந்து ஊற்றியபின் கோதுகளை மரத்தட்டில் நிறுத்தி ரோச் வெளிச்சம் அடித்து எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். தெரிந்தது.

காது மூடியைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். சாம்பவி பாயில் குப்புறப் படுத்தாள். முதல் வெடிக்கு என் உடம்பு ஊருக்குப் போய்த் திரும்பியது. இரண்டாவதற்கு அவ்வளவு தூரம் போகவில்லை.

ஒவ்வொரு வெடிக்கும் பிறகு டார்லீன் கோதை வாங்கி அடியைப் பார்த்தார், அழுத்தம் கூடிக் கெற்பு சப்பளிந்திருக்கிறதா என்று. மேலிருந்து இரண்டாவது படியில் சுட்டபின் துவக்கின் பூட்டுத்தண்டு கொஞ்சம் இறுக்கமாகத் திறந்தது.

“போதும். கடைசிப் படிப் பெட்டியைத் திறக்காதே” என்றார்.

“புத்தகத்தில இன்னும் இடம் இருக்கே!” என்றாள் சாம்பவி.

“புத்தகத்தில் இருக்கலாம். உன் துவக்கு போதும் என்கிறது.”

குறி அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வேகமான ரவைகள் சிதறிக் கிடந்தன. கீழிருந்து இரண்டாவது படியின் ஐந்தும் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குள். சாம்பவிக்கு முகம் விழுந்துவிட்டது. வேகம்தான் குறி என்று நினைத்திருந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். மெல்லிய நெருப்பில் வைத்தால் சாம்பார் பொங்காது.

அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். அது இந்தத் துவக்குக்கும் இந்தச் சட்டிக்கும் இந்த டப்பாவுக்கும் மட்டும் உரியது. நானும் ஒரு ஓநாயாகக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் இவர் பத்திரிகையை விட்டு முகத்தை எடுக்காமல் கேட்டார்: “அவவுக்குத் தோள் நோகுதோ எண்டு கேளும்.”

சாம்பவி பக்கத்துக் கதிரையில் இருந்தாள். “நோகேல்லை எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம். பொங்கினேன். இவர் கைவிசேடக் காசு கொடுத்தார். சாம்பவிக்குரியதை என் கையில் தந்து கொடுக்கச் சொன்னார்.

மே 6, செவ்வாய்

கராஜ் கதவோரம் சிவப்புத் தீயணைப்பான் ஒன்று தொங்குகிறது. கம்பி முனை உள்ளே மடித்திருக்கிறது. “நீ தொங்கவிட்டனியோ?” என்று சாம்பவியைக் கேட்டேன். “நீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சன்” என்றாள்.

முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று நகரத்துக் கடையில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் முற்றல்.

மே 24, சனி

சாம்பவிக்கு அறுநூறு மீற்றரில் நல்ல பயிற்சி. டார்லீன் விசிலடித்தார். “உன் சமையல் ஒரே மாதிரி வருகிறது, மிசிஸ் கே” என்றார். இந்த ஊரில் என்னை யாரும் இப்படி ஒன்றுக்காகப் பாராட்டியதில்லை. டார்லீனைச் சாப்பிட வரும்படி கூப்பிட நினைத்தேன். காரமாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 11, புதன்

தேர்வுக்கான அறுபது ரவையும் இன்று முடித்தேன். காலையில் தொடங்கி, மத்தியானம் சாப்பிட்டு, மாலை விளக்கு வைக்குமுன் கடைசிச் சன்னம். கை பழகிவிட்டது. முன்பு ஒரு ரவைக்கு எடுத்த நேரத்தில் இப்போது மூன்று.

பிறகு வழக்கம்போல இருப்புக் கணக்கு. தொடங்குமுன் டப்பாவை நிறுத்து வைத்திருந்தேன். இப்போதும் நிறுத்தேன். அறுபது ரவைக்குப் போக வேண்டியதைவிட இரண்டு கிராம் கூடப் போயிருக்கிறது.

சிந்தியிருக்கும் என்று மேசையைத் தூரிகையால் கூட்டினேன். நாலைந்து மணிதான். தராசு பிழையோ என்று சோதனைக் கல்லை வைத்துப் பார்த்தேன். முள் நேரே நின்றது. சமையல் தராசையும் பார்த்தேன். அதுவும் சரி.

முருகா, அந்த இரண்டு கிராம் எங்கே?

ஜூன் 12, வியாழன்

காலையில் சமையல். மனம் முழுக்க இரண்டு கிராம். அரிசி ஒரு சுண்டு, இரண்டு சுண்டு. கணக்கு முடிந்தது. பேணியை மூடப்போனவள் குனிந்து பார்க்கிறேன், என் வலது கை திரும்பவும் அரிசிக்குள் இருக்கிறது. நான் சொல்லவில்லை. நான் நினைக்கவுமில்லை. அது தன்பாட்டில் போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டிருக்கிறது.

அடுப்பை நிறுத்திவிட்டுக் கராஜுக்கு ஓடினேன்.

வெறுங்கையால் செய்து பார்த்தேன். மருந்தை மணிமணியாக விழுத்துகிற திருகியைத் தட்டுவேன். முள் நடுவுக்கு வரும். இடக்கை கோதை எடுக்கப் போகும். கண்ணும் அதோடு போகும். அந்த நேரத்தில் வலது விரல் இன்னொரு தட்டு. வருபவருக்கு.

ஆரம்பத்தில் மெதுவாகச் செய்தபோது கை பயந்து நடந்தது. பழகிய பிறகு தன் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒரு ரவையைப் பிரித்து நிறுத்தேன். கூட. இன்னொன்று. சரி. மூன்றாவது, கூட. எதில் விழுந்தது, எதில் விழவில்லை என்று பிரிக்காமல் அறிய வழியில்லை.

டார்லீனுக்குப் போன் எடுத்தேன். “நீ கீழ்ப் படியில் நிற்கிறாய். இதனால் துவக்குக்கும் ஒன்றுமில்லை, பிள்ளைக்கும் ஒன்றுமில்லை” என்றார். “ஆனால் அறுநூறு மீற்றரில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும். உன் இஷ்டம்.”

சாம்பவி வேலையால் வந்ததும் சொன்னேன். பையைக் கீழே போட்டாள்.

“நாளையிண்டைக்குத் தேர்வு, அம்மா! டார்லீன் சுடலாம் எண்டு சொல்லுறா. ஒரு சொட்டுத்தானே?”

“எதுக்குள்ள எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை உன்ர கன்னத்துக்குப் பக்கத்தில வைச்சு வெடிக்க விடமாட்டன்.”

“அப்ப வெறுங்கையோட போறதோ?”

“உடைச்சுத் திருப்பிச் செய்வம்.”

“அறுபதையும்? ரெண்டு நாளுக்குள்ள? நீங்கள் என்னை அனுப்பாமல் விடத்தான் பாக்கிறியள். அப்பா மாதிரி.”

அறைக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. சுவரிலிருந்த பிள்ளையார் படம் சரிந்தது. அதை நேராக்கிவிட்டுக் கராஜுக்குப் போனேன்.

ரவையைப் பிரிக்க பிளாஸ்ரிக் சுத்தியல் ஒன்று உண்டு. அதன் தலைக்குள் ரவையைப் பூட்டி மரக்குற்றியில் ஓங்கி அடிக்க வேண்டும். நாலைந்து அடிக்குப் பிறகுதான் சன்னம் கழன்று வரும். பத்தாவது ரவையில் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. மற்றக் கையால் அடித்தேன். குற்றியில் படாமல் மேசையில் பட்டது.

“என்ன சத்தம்?”

இவர் கதவடியில் நின்றார். அந்த மேசை வந்த பிறகு, நான் அறிய, இவர் கராஜுக்குள் வந்ததில்லை.

“உடைக்கிறன்.”

“செய்ததையோ?”

“ஓம். என்ர கை பிழை விட்டிட்டுது. அவ்வளவையும் உடைக்கவேணும்.”

மேசையில் கிடந்த ரவைகளைப் பார்த்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

“தாரும்” என்றார். “உடைக்கிறதெண்டால் நான் செய்வன்.”

முதல் ரவையை இரண்டு விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு ரவைக்கும் இரண்டே அடி. சுரங்கக்காரரின் கை. சன்னங்களை ஒரு கிண்ணத்தில், கோதுகளை வரிசையாக, மருந்தைச் சீட்டு ஒட்டிய தனிப் போத்தலில். ஒன்றும் கேட்காமல் எல்லாம் அதனதன் இடத்தில் வைத்தார். தலைக்கு மேல் விளக்கு மங்கியபோது அண்ணாந்து பார்க்காமலே கையை நீட்டி வயரை ஒரு திருகு திருகினார். வெளிச்சம் சரியாகிவிட்டது.

முடிந்ததும் கிண்ணத்தை ஒருமுறை குலுக்கினார். “எல்லாம் சரி. இனி ஒண்டும் இல்லை” என்றார். என்னிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் படியில் சாம்பவி. அழுதிருக்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

ஜூன் 13, வெள்ளி

விரதமென்றாலும் பசியோடு தொடங்கக்கூடாது என்பது என் சட்டம். பழமும் பாலும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தோம். மூன்று பேரும்.

நான் நிறுக்கவில்லை. கையை நம்பாமல் புடவைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு இருந்தேன். சாம்பவி நிறுத்தாள். முள் நின்றபின் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள், பூசைக்குக் கற்பூரம் காட்டுவது போல. அதற்குப் பிறகுதான் நான் தட்டை எடுப்பேன். இவர் மரத்தட்டில் ரோச் அடித்து ஒவ்வொரு கோதாக எட்டிப் பார்த்தார்.

“இந்த வரிசையில மூண்டாவதில மருந்து கொஞ்சம் பதிவாத் தெரியுது எண்டு அவவுக்குச் சொல்லும்.”

சாம்பவி அவர் முழங்கை தொடுகிற தூரத்தில் இருந்தாள். “திருப்பி நிறுக்கிறன் எண்டு சொல்லுங்கோ.”

“ரெண்டு பேருக்கும் வாயில கொழுக்கட்டையே?” என்றேன். சாம்பவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுக்கும்போது சிரிக்கக்கூடாது என்பதால் அந்த மருந்தைக் கொட்டிவிட்டுத் திரும்ப நிறுத்தாள். மூன்றாவது கோது சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் பார்த்தது நல்லது.

மாலை இருப்புக் கணக்கு. டப்பாவை நிறுத்தேன். போக வேண்டியது போயிருக்கிறது. இருக்க வேண்டியது இருக்கிறது.

ஜூன் 14, சனி

இவர்தான் கார் ஓட்டினார். சுடுமிடத்துக்குக் கிட்ட வராமல் தூரத்து மரங்களுக்கடியில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோவைக் கூட்டிவிட்டு இருந்துகொண்டார். “நீர் போம்” என்றார்.

காற்று பக்கவாட்டில் அடித்தது. முதல் சுற்றில் சாம்பவி காற்றைப் பிழையாகக் கணித்து இரண்டு குறி தவறினாள்.  டார்லீன் தொலைநோக்கியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இரண்டும் ஒரே உயரத்தில். ரவை நன்றாக இருக்கிறது. காற்றைத்தான் படிக்க வேண்டும். படிப்பாள்.”

இடைவேளையில் இவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். ரேடியோ நிறுத்தியிருந்தது. சுடுமிடத்துப் பக்கக் கண்ணாடி நாலு விரல் இறங்கியிருந்தது.

“வெக்கை” என்றார்.

வெக்கை இல்லை. நான் கம்பளிச் சட்டை போட்டிருந்தேன்.

இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. நான் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே நின்றேன். எத்தனை தரம் என்று தெரியாது. ஆறு பேரை எடுப்பார்கள். பலகையில் பெயர்களை ஒட்டினார்கள். எனக்குக் கண் முதலில் எண்ணுக்குத்தான் போகும். ஐந்து. அதற்குப் பக்கத்தில் கனகலிங்கம் சாம்பவி. அவர்கள் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். பரவாயில்லை.

சாம்பவி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு மரங்களை நோக்கி ஓடினாள். நான் மெல்லப் போனேன். அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. போனபோது இரண்டு பேரும் காரில் சாய்ந்துகொண்டு சும்மா நின்றார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

விளக்கேற்றி, பதிகம் படித்து, சமையலுக்கு வந்தேன். அரிசி ஒரு சுண்டு, இரண்டு சுண்டு. கை தானாகப் போகுமுன் ஒருகணம் நிறுத்தினேன். பிறகு நானே அனுப்பினேன். நல்லாக ஒரு பிடி. இங்கே அதற்கு உரிமை உண்டு.

கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். கோப்பைகளை வைக்கும்போது வெளியே பெரிய இரைச்சல். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் எங்கள் வாசலில் நின்றது. டார்லீன் இறங்கி வந்தார். நேற்றுச் சாம்பவி பாயை மறந்து விட்டுவிட்டாளாம். பஸ்ஸைத் திருத்தக் கொண்டுபோகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

“இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்” என்று ஆங்கிலத்தில் சொல்ல நினைத்துத் தமிழில் சொல்லிவிட்டேன். விளங்கிக்கொண்டு இருந்துவிட்டார்.

காரம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் தரம் சோறு கேட்டார். பானையை எட்டிப் பார்த்துவிட்டு, “நான் வருவது தெரியுமா? அளவாக இருக்கிறதே” என்றார்.

“தெரியாது” என்றேன். “தெரியாமல்தான் போடுவது.”

சாம்பவி அதை விளங்கப்படுத்தினாள். பிடியரிசியிலிருந்து இரண்டு கிராம் வரைக்கும். டார்லீன் சிரித்ததில் மேசை ஆடியது. “மிசிஸ் கே, பதினெட்டு வருடமாக எனக்காகவா சமைத்தாய்? முதல் நாளே சொல்லியிருக்கலாம்!”

இவர் தானே எழுந்து டார்லீனுக்கு அப்பளம் எடுத்துவைத்தார். இன்று இவர் யார் வரப்போகிறார்கள் என்று கேட்கவில்லை.

பானை காலி. நாளைக்குப் பழஞ்சோறு இல்லை.

நேற்றுச் சுட்ட கோதுகளை வருகிற சனிக்கிழமை கழுவ வேண்டும். கை கழுவிக்கொண்டிருந்த இவர் “எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். நான் வாயெடுத்தேன். கேட்டது என்னை அல்ல.

“பத்து மணிக்கு, அப்பா” என்றாள் சாம்பவி.